இருபத்து மூன்றாம் துளை

மார்ச் 4

சின்னவளுக்கு,

ஆறு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். மலையை வெட்டிச் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் திட்டத்துக்கு, இங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் ஏப்ரல் 22 அன்று மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் நேற்று ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். மேடையில் நின்று விளக்கியது உன் மகன். என் மருமகன் என்று எழுதக் கை வரவில்லை.

மலையைக் குறுக்கே அறுத்து வைத்த மாதிரி ஒரு படம் போட்டான். உச்சியிலிருந்து அடிவரை ஒரே சாம்பல் நிறம். ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. மேலே வெட்டினால் கீழே ஊற்றுக்கு ஒன்றும் ஆகாது என்றான். நான் எழுந்தேன். "இந்த மலை உள்ளே காலி. மேலே வெடி வைத்தால் கூரை இறங்கும். மலைக்கு இரண்டு பக்கத்து ஊருக்கும் தண்ணீர் இல்லாமல் போகும்" என்றேன்.

உன் மகன் மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் எரிச்சல். "மாமா, நீங்க சொல்ற இடத்துல ஏற்கெனவே துளை போட்டுப் பாத்திருக்காங்க. இருபத்து மூணாம் துளை. நூத்து முப்பது மீட்டர் வரைக்கும் கெட்டிப் பாறை. துளை போட்டது நீங்க. பதிவுல உங்க கையெழுத்துதான் இருக்கு" என்றான்.

மண்டபமே சிரித்தது. நாற்பது வருடமாக என்னை நேர்த்துளைக்காரர் என்று கூப்பிடும் அதே ஜனம். ஒரு துளையைக்கூடத் தொலைக்காதவர், பாதியில் பாழாக்கி விட்டுவிடாதவர் என்று தொழிலாளர் சங்க அறையில் பலகையில் என் பெயரை எழுதி வைத்திருப்பவர்களும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி வேறு ஒரு பக்கம் வளைந்தது.

துளையிலிருந்து உருளை உருளையாக வரும் கல்லை, கோர் என்போமே, அதை அடுக்கிய பெட்டிகள் மலைக்கு அந்தப் பக்கம் உன் ஊர்க் கிடங்கில் இன்னும் இருக்கின்றனவாம். 23-இன் கடைசிப் பெட்டிகளில் இருக்கும் பதினெட்டு மீட்டர் கல் அந்தத் துளையிலிருந்து வந்ததல்ல. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்த மற்ற இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நீ உன் மகனிடம் சொல். வீட்டுக்குள் சொன்னால் போதும். அவன் அறிக்கையைச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளட்டும். நான் மேடையேற வேண்டியதில்லை.

அண்ணன்


மார்ச் 11

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. நலமா என்று எங்காவது ஓரத்திலாவது எழுதியிருக்கிறீர்களா என்று இரண்டு தரம் தேடினேன். இல்லை. நான் நலம். முட்டிதான் மடங்க மாட்டேன் என்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னதை மறந்திருப்பீர்கள். சொன்னவர்கள் மறப்பார்கள். என் மகனுக்குச் சிமெண்டு ஆலையில் வேலை உத்தரவு வந்த அன்று அதை முதலில் உங்களிடம்தான் காட்ட வேண்டும் என்று எங்களைக்கூடப் பார்க்க விடவில்லை. நீங்கள் சாப்பாட்டு மேசையில் அதைப் படித்துவிட்டு, "மலை தின்னி" என்றீர்கள். சோற்றில் கை வைத்தவன் எழுந்து போனான். மாமா மாதிரி கல்லோடு வேலை செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பையன்.

அவன் ஒன்றும் தெரியாதவன் இல்லை. இந்தப் பக்கத்தில் நூற்பாலை மூடி மூன்று வருடம் ஆகிறது. காலையில் தெருவைப் பார்த்தால், வேலைக்குப் போக வேண்டிய வயதில் எல்லாரும் வாசலில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திட்டம் வந்தால் முந்நூறு பேருக்கு வேலை. உங்கள் வீட்டுச் சுவர் எதனால் நிற்கிறது? சிமெண்டால்தானே?

இப்போது பெட்டிக்கு வருகிறேன். மூன்று சாக்குக் கல்லும் ஒரு சீட்டும் அனுப்பினீர்கள். "இதை 23-இன் கடைசியில் அடுக்கு. கேட்காதே." நான் கேட்கவில்லை. ஆனால் கோர் கிடங்கில் என் வேலையே என்ன? ஒரு துண்டின் முறிவு அடுத்த துண்டின் முறிவோடு பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து அடுக்குவதுதான். பல்லும் ஈறும் மாதிரி சேரும். நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் சேரவில்லை. அந்த இடத்தில் அளவு எழுதும் மரக்கட்டை ஒன்றை வைத்து மறைத்தேன். சிவப்பு மையால் 112 என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அந்த ஒரு இடத்தைத் தவிர நான் செய்த வேலையில் குறை சொல்ல யாருமில்லை.

என்ன நடந்தது என்று நாற்பத்தொரு வருடமாக நீங்களும் சொல்லவில்லை. என்னத்தை என் மகனிடம் சொல்லச் சொல்கிறீர்கள்? முதலில் என்னிடம் சொல்லுங்கள்.

சின்னவள்


மார்ச் 16

சின்னவளுக்கு,

உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நலம் விசாரித்தாயிற்று.

என் வீட்டுச் சுவர் சிமெண்டுதான். கல்லே எடுக்கக் கூடாது என்று நான் சொன்னேனா? வாழ்நாளெல்லாம் கல்லுக்குத் துளை போட்டவன் நான். கெட்டியான மலையை வெட்டட்டும். இந்த மலை கெட்டியில்லை என்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி எழுதாதே.

கேட்டாய், சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு. சான்றிதழ் இல்லாமல் எந்திரம் ஓட்டக் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெரிய அதிகாரி எல்லார் முன்னாலும், "படிக்காதவன்கிட்ட எந்திரத்தைக் குடுத்திருக்கீங்க. பாத்துக்கிட்டே இருங்க, ஒரு நாள் துளையைத் தொலைச்சிட்டு வந்து நிப்பான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் மாதம் ஒருமுறைதான் மலைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் நானும் இரண்டு உதவியாட்களும்தான்.

ஆகஸ்ட் 9. காலை ஒன்பதரை மணி. நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர். துளைக்குள் விட்ட தண்ணீர் கல் மாவோடு வெள்ளையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. சட்டென்று நின்றது. அடியில் யாரோ வாய் வைத்து உறிஞ்சிய மாதிரி. அடுத்த நொடி துளைக்குள் இறங்கியிருந்த இரும்பு ராடு நழுவியது. இருட்டில் படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போகுமே, அந்த மாதிரி. எந்திரத்தின் சத்தமே மாறிவிட்டது. சுமையில்லாமல் ஓடும் சத்தம்.

அடி தட்டும் என்று ராடை இறக்கினேன். தட்டவில்லை. இன்னொரு ராடை மாட்டி இறக்கினேன். இன்னொன்று. இருபது மீட்டர் இறக்கியும் நுனி எதையும் தொடவில்லை. கையிருப்பு ராடு தீர்ந்தது. உதவியாள் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, மலைக்கு அந்தப் பக்கம் வந்துட்டமா?" என்றான். நான் சிரிக்கவில்லை.

ராடுகளை வெளியே எடுத்தோம். துளையின் வாயைத் துடைக்கத் துணியை நீட்டினேன். துணி கையிலிருந்து துளையைப் பார்த்து இழுத்தது. மலை மூச்சை உள்ளே இழுத்தது, சின்னவளே. பதினோரு மணி வாக்கில் நின்றது. பிறகு வெளியே விட ஆரம்பித்தது. குளிர்ந்த காற்று. வெயிலையே பார்க்காத காற்று என்று முகத்தில் பட்டதும் தெரிந்தது. துளை வாயில் காதை வைத்தேன். ரொம்பத் தூரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அந்தச் சத்தம் உடனே முடியவில்லை. ஒரு சுவரைத் தேடிப் போய், அதைத் தொட்டு, வேறொரு சுவருக்குப் போய், மெல்ல மெல்ல என்னிடம் வந்தது. எவ்வளவு பெரிய இடத்தில் ஒரு சொட்டு அப்படி அலையும் என்று நீயே யோசித்துப் பார்.

கல் என்றால் கெட்டி என்றுதான் எனக்குத் தெரியும். காலியாக இருக்கிறது என்றால் நான்தான் எதையோ உடைத்துவிட்டேன். எந்திரத்தைத் தப்பாக ஓட்டி ஒரு மலையையே உடைத்துவிட்டேன் என்று நிஜமாகவே நம்பினேன். சிரிக்காதே. அடைத்துவிடலாம் என்று பார்த்தேன். 11, 12, 13 மூன்று நாளும் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துக் கரைத்து ஊற்றினோம். எண்பது மூட்டை. அதன் தொண்டைகூட நனையவில்லை.

14-ஆம் தேதி துளையை மரத்தால் அடைத்தேன். நடுவில் ஒரு சின்னக் குழாய் வைத்து மூடி போட்டேன். பக்கத்து 22-ஆம் துளையில் தேவைக்கு மேல் தோண்டியிருந்த கல் மிச்சம் கிடந்தது. நீ பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அதைத்தான் உனக்கு அனுப்பினேன்.

இப்படிப்பட்ட கல்லில் தண்ணீர் காலங்காலமாகக் கரைத்துக் கரைத்து மண்டபம் மண்டபமாக இடம் செய்யும் என்பதை நாற்பதாவது வயதில் ஒரு பழைய புத்தகத்தில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். நான் எதையும் உடைக்கவில்லை. பல லட்சம் வருடமாக இருந்த ஒன்றின் கூரையைத் தட்டியிருக்கிறேன். அன்று ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குள் பலகையில் பெயர் ஏறிவிட்டது.

இன்றுவரை மாதம் ஒருமுறை ஏறிப்போய் மூடியைத் திறந்து பார்க்கிறேன். காலையில் உள்ளே இழுக்கும், மதியம் வெளியே விடும். மழைக்கு முந்தின நாள் விசிலே அடிக்கும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

உன் மகனிடம் சொல்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணனுக்கு,

மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துபோகிறேன்.

தேதியை இன்னொரு தரம் பார்த்துச் சொல்லுங்கள். களிமண் ஊற்றியது ஆகஸ்ட் 11, 12, 13 தானா? வெள்ளைக் களிமண்தானா?

என் மகன் ஆகஸ்ட் 5-ஆம் தேதி பிறந்தான். பதினோரு நாள் கழித்து, 16-ஆம் தேதி, அவனைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வெள்ளையாக வந்தது. பால் மாதிரி. நான் பயந்து சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள். அவள் வீட்டிலும் அப்படித்தான். தெரு முழுக்க வெள்ளை. குடிநீர் ஆபீசில் கேட்டதற்கு, "குழாயைக் கழுவுறோம், ரெண்டு நாள் பொறுத்துக்குங்க" என்றார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் குழந்தைக்குக் குளியல் இல்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். அதனால்தான் இன்றைக்கும் எனக்கு நாள் மறக்கவில்லை.

எங்கள் குழாய்க்குத் தண்ணீர் மலையடி ஊற்றிலிருந்துதான் வருகிறது. உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் கைத்தடியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். நாற்பத்தொரு வருடமாக அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பாறைக்கு அடியில் ஒரு வாய் இருக்கிறது, ஒரு ஆள் படுத்தால் நுழையலாம், அவ்வளவுதான். அதற்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் ஆறு மாதிரி தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. எங்கிருந்து இவ்வளவு என்று நான் ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? குனிந்து கையை வைத்தேன். நீங்கள் எழுதியிருந்த அந்தக் குளிர். எழுந்திருக்க முடியவில்லை. முட்டியினால் மட்டும் இல்லை.

நீங்கள் அந்தப் பக்கம் ஊற்றியது இந்தப் பக்கம் என் குழந்தையின் வாளிக்கு வந்திருக்கிறது. நாம் ஒருவருக்கொருவர் வாயைத் திறந்து பேசியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

சின்னவள்


மார்ச் 29

சின்னவளுக்கு,

தேதி சரிதான். நோட்டில் இருக்கிறது. களிமண் வெள்ளைதான்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒன்பது கிலோமீட்டர், நேர்க்கோட்டில். மலையைச் சுற்றி வரும் பஸ்ஸுக்கு ஏழு மணி நேரம். தண்ணீருக்கு ஐந்து நாள். உன் கடிதத்துக்கும் ஐந்து நாள்தான் ஆகிறது என்று நினைத்துச் சிரித்தேன்.

நான் ஒரு மண்டபம் என்று நினைத்திருந்தேன். மண்டபம் இல்லை. மலை முழுக்க ஓடுகிறது. வழி இருக்கிறது, வாசல் இருக்கிறது, அதில் ஒன்று உன் ஊரில் திறக்கிறது. இத்தனை வருடம் காதை வைத்துக் கேட்டும் எனக்கு அதன் ஒரு மூலைதான் தெரிந்திருக்கிறது. எழுபது வயதில் ஒரு ஆளை இவ்வளவு சின்னவனாக ஆக்கக் கூடாது.

நீ வாயைத் திறந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வெள்ளைத் தண்ணீரைப் பற்றி நீயும்தான் எனக்கு எழுதவில்லை. குற்றத்தை ஒருவன் தலையில் வைக்காதே.

இப்போதாவது சொல் அவனிடம். உன் வாளி சாட்சி, என் பெயர் தேவையே இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

சொல்லவில்லை. காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். பழைய வேலை இடத்தைப் பார்க்க ஆசையாக்கும் என்று நினைத்து, சந்தோஷமாகக் கூட்டிப் போனான். தகரக் கூரை, தூசி, தரையிலிருந்து என் தலைக்கு மேல்வரை பெட்டிகள். என் கையெழுத்து எல்லாவற்றின் மேலும். 23-இன் கடைசிப் பெட்டிகளை எடுத்து வைக்கச் சொன்னேன்.

"அந்த மரக்கட்டையை எடுடா."

"எதுக்கும்மா? அது அளவுக் கட்டை."

"எடு. இந்த முனையையும் அந்த முனையையும் சேர்த்துப் பாரு."

சேர்த்தான். திருப்பிச் சேர்த்தான். தப்பான சாவியைப் போட்டுத் திருகுகிறவன் மாதிரி நாலு பக்கமும் திருகிப் பார்த்தான்.

"சேரலை. இந்த இடத்துல கல்லு நொறுங்கியிருக்கும்மா. அப்படி ஆகும்."

"நொறுங்கலை. இது வேற துளைக் கல்லு. யாரு வச்சான்னு கேளு."

"யாரு?"

"நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். துணியை மலை இழுத்தது, சொட்டு, களிமண், அவன் குளிக்காத இரண்டு நாள். அவன் இரண்டு கல்லையும் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். "இது மேலதாம்மா எல்லா வரைபடமும் நிக்குது" என்றான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. வெளியே போய்க் குழாயில் கை கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். பிறகு குழாயை மூடாமல், விழுகிற தண்ணீரைப் பார்த்து நின்றான்.

மறுநாள் குடிநீர் ஆபீசில் பழைய பதிவேட்டைத் தேடியிருக்கிறான். "ஆகஸ்ட் 16. நீர் வெண்மையாகக் கலங்கல். காரணம் தெரியவில்லை." அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

"எனக்கு நீ சொன்னது போதும்மா. சபைக்குப் போதாது. கல்லு சேரலைன்னா நொறுங்கிச்சும்பாங்க. தண்ணி கலங்கிச்சுன்னா மழைம்பாங்க. துளை போட்டவர் வாயால வரணும். மாமா எழுந்து சொன்னா நான் மறுத்துப் பேச மாட்டேன்" என்றான். உடனே, "ஆனா மாமா சொல்ல மாட்டார்" என்றான்.

"ஏன்டா சொல்ல மாட்டார்?"

"அவர் யார்கிட்டயாவது தப்புன்னு ஒத்துக்கிட்டு நீ பாத்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். நீங்களே சொல்லுங்கள், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

சின்னவள்


ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

அவன் அப்படிச் சொன்னானா? மூளை இருக்கிறது, உன் வீட்டுக்காரரிடமிருந்து வந்திருக்கும்.

சொல்கிறேன். 22-ஆம் தேதி எழுந்து நின்று சொல்கிறேன். ஆனால் மன்னிப்பு என்ற வார்த்தை வராது. நடந்ததைச் சொல்வேன், அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு என்று வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உன் பெயரைச் சொல்ல மாட்டேன். நானே அடுக்கினேன் என்று சொல்லிவிடுவேன். உன் மகன் அங்கே மேடையில் உட்கார்ந்திருப்பான், அவன் அம்மா பெயர் மைக்கில் வர வேண்டாம்.

அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணனுக்கு,

ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய்யா? கல் அடுக்க உங்களுக்குத் தெரியுமா? உங்கள் வீட்டுப் பாத்திரத்தையே அடுக்கத் தெரியாது, யார் நம்புவார்கள்?

என் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், மைக்கில் என் பெயரைச் சொல்ல என் மகனிடமே சொல்லிவிட்டேன்.

முட்டியோடு ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது. நடப்பதையெல்லாம் எழுதுங்கள். ஒன்றையும் விடாதீர்கள்.

சின்னவள்


ஏப்ரல் 25

சின்னவளுக்கு,

எழுதுகிறேன். ஒன்றையும் விடவில்லை.

மண்டபத்தில் இடமில்லாமல் ஜன்னல்களில் தொங்கினார்கள். நடத்தியது ஒரு பெண் அதிகாரி. மூக்கு நுனியில் கண்ணாடி, யார் பேசினாலும் நிமிராமல் எழுதுகிறவர். திட்டம் வேண்டும் என்று பேசியவர்களில் லாரிக்காரர் சங்கத் தலைவர்தான் ஓங்கிப் பேசினார். பெரிய உடம்பு. அவருக்கு மைக் தேவைப்படவில்லை. "கல்லைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா வயிறு நிறையுமா? எங்க பசங்க ஊரை விட்டுப் போறாங்க. அவங்களை யாரு திருப்பிக் கொண்டு வருவீங்க?" என்றார். நியாயம்தான். கைதட்டியவர்களில் என் பக்கத்து வீட்டுக்காரரும் உண்டு.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பெயர், தொழில் சொன்னேன். 23-ஆம் துளையின் கடைசிப் பதினெட்டு மீட்டர் பதிவு பொய், அதை எழுதியது நான், என் தங்கை அடுக்கினாள், அவளுக்குக் காரணம் தெரியாது என்றேன். நாக்கு ஒட்டவில்லை. அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்தார்.

லாரிக்காரர் எழுந்தார். "நாப்பது வருஷம் பொய் சொன்னவர் இன்னைக்கு மட்டும் உண்மை சொல்றார்னு எப்படிய்யா நம்பறது?"

"நம்பாதே. வந்து பார்" என்றேன்.

அதிகாரி உன் மகனைப் பார்த்தார். அவன் மைக்கை இழுத்தான். "பெட்டியை நான் பார்த்தேன். கல் சேரவில்லை. குடிநீர்ப் பதிவேட்டின் நகல் இதோ. என் அறிக்கையில் இருக்கும் படத்தை நான் திரும்பப் பெறுகிறேன்" என்றான். அவனுடைய மேலாளர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். அவன் உட்காரவில்லை.

மறுநாள் காலை மலை ஏறினோம். அறுபது பேருக்கு மேல். அதிகாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். துளை இருக்கும் இடத்தில் புதர் மண்டியிருக்கும், ஆனால் நான் நடந்து நடந்து ஒரு தடம் இருக்கிறது. மூடியைக் கழற்றும்போது மணி பன்னிரண்டு. என் கை சுற்றை விடுவித்ததும் மூடி தானாகவே எழும்பியது. காற்று வந்தது, சின்னவளே. காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சத்தம் வருமே, அதைவிடத் தாழ்ந்த, கால் வழியாக ஏறுகிற சத்தம். அதிகாரியின் காகிதங்கள் பறந்தன. ஒருவரும் பொறுக்க ஓடவில்லை. வேண்டும் என்று கத்தினவர்களும் வேண்டாம் என்று கத்தினவர்களும் அந்தக் குளிர் முகத்தில் பட ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

என் மருமகன் விளக்கு வைத்த சின்னக் கேமராவை ஒரு கேபிளில் கட்டி, மர அடைப்பை எடுத்துவிட்டு இறக்கினான். எல்லாரும் ஒரு சின்னத் திரைக்கு முன்னால் குவிந்தோம். துளையின் சுவர் மேலே போய்க்கொண்டே இருந்தது, வழவழவென்று, நான் போட்ட துளை, ஒரு கோணல் இல்லை. நூற்றுப் பன்னிரண்டில் சுவர் இல்லாமல் போனது. கறுப்பு. விளக்கு இருக்கிறது, வெளிச்சம் விழுவதற்கு ஒன்றும் இல்லை. நூற்று இருபது. நூற்று நாற்பது. யாரோ, "கேமரா போயிருச்சா?" என்றார்கள். "இல்லை, வேலை செய்யுது" என்றான் அவன்.

நூற்று அறுபத்தாறில் தண்ணீர். அதைத் தண்ணீர் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு அசையாமல் இருந்தது. விளக்கே கீழேயிருந்து இன்னொரு விளக்காக ஏறி வருகிற மாதிரி இருந்தது. எங்கிருந்தோ ஒரு சொட்டு விழுந்தது. ஒரு வட்டம் விரிந்தது. விரிந்து, விளக்கின் வெளிச்சத்தைத் தாண்டி இருட்டுக்குள் போனது. அது கரையைத் தொட்டுத் திரும்பி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. நாற்பத்தொரு வருடம் நான் காதால் கேட்டதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். கேட்டதைவிடப் பெரிது.

கேமராவைத் தண்ணீருக்குள் இறக்கினான். தெளிவு, தெளிவு, தெளிவு. இருநூறு மீட்டரில் கேபிள் முடிந்தது. அடி வரவில்லை.

"அகலம் என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

"தெரியலை, மேடம்."

"ஆழம்?"

"தெரியலை."

"எதுவரைக்கும் போகுது?"

"அந்தப் பக்கத்து ஊர் வரைக்கும் போகுதுன்னு தெரியும். வேற எங்கெல்லாம் போகுதுன்னு தெரியலை" என்றான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். தோற்றவன் முகமாக இல்லை. அவனுக்கு ஐந்து வயதில் எந்திரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது இருந்த முகம். "மலை தின்னி என்று சொன்னது தப்பு" என்று அங்கேயே சொன்னேன். அவன், "சரி மாமா, கேபிளைப் பிடிங்க" என்றான். ஒத்துக்கொண்டதை நீயும் குறித்துக்கொள், இன்னொரு தரம் கேட்காதே.

திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மலையை முழுதாக ஆராயாமல் வெடி வைக்கக் கூடாது என்று உத்தரவு. வேண்டும் என்றவர்களுக்கு என்மேல் கோபம். கடையில் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உன் தெருவில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அதையும் எழுதுகிறேன். உன் மகனுக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அதிகாரி தன் கூட வந்தவரிடம், "இதை ஆராய இந்தப் பையன்தான் வேணும்" என்றார், என் காதில் விழுந்தது. சங்கத்தில் பலகையிலிருந்து என் பெயரை அழித்துவிட்டார்கள். நான் துளையைத் தொலைக்கவில்லை, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்கு அன்றே தெரியும், ஆகவே அழித்தது செல்லாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. விட மாட்டேன்.

கேமராவை எடுத்ததும் எல்லாரும் இறங்கினார்கள். அடைப்பையும் மூடியையும் திரும்பப் போட நான் பின்தங்கினேன். பார்த்தால் அந்த லாரிக்காரர் போகவில்லை. வெள்ளைச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்து, துளை வாயில் காதை வைத்திருந்தார்.

"மூடணும், எழுந்திரு" என்றேன்.

கண்ணைத் திறக்காமல் ஒரு கையை மட்டும் தூக்கி, சும்மா இரு என்று காட்டினார்.

என்னை யாரும் அப்படி அடக்கியதில்லை. அடக்கி நான் அடங்கியதும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை, நான் மணி பார்க்கவில்லை. ஒரு தடவை மட்டும் அவர் வாய் திறந்தார், மெதுவாக, யாரோ தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி.

"விழுந்துச்சு" என்றார்.

அண்ணன்